கட்டியவர்தான் அவிழ்க்க வேண்டும்

காலையில் எழுந்து சமையலறை விளக்கைப் போட்டேன். மிக்ஸியின் கழுத்தில் மஞ்சள் அட்டை தொங்கியது.

எங்கள் கம்பெனி அட்டைதான். நடுவில் பெரிய கறுப்பு எழுத்தில் ‘ஹோல்ட்’ என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கும். அதன் கீழே மூன்று வரிகள். பொருள், காரணம், கட்டியவர் கையெழுத்து. மூன்றையும் பொறுப்பாக நிரப்பியிருந்தார் என் கணவர் தாஸ். பொருள்: மிக்ஸி. காரணம்: சத்தம் அதிகம். கையெழுத்தை எங்கள் கல்யாணப் பதிவேட்டில்கூட அவ்வளவு அழகாகப் போட்டதில்லை.

இரவே போட்டுவைத்திருந்த தேங்காயும் பொட்டுக்கடலையும் ஜாருக்குள் காத்திருந்தன. ஒரு பச்சை மிளகாய் மூடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு வெளியே பார்த்தது. தான் இன்றைக்குச் சட்னியா இல்லையா என்று அதற்குத் தெரிந்தாக வேண்டும்.

நூலை அறுக்க ஒரு கத்தரிக்கோல் போதும். அறுக்கவில்லை. ஜாரைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன்.

“இன்னாக்கா, மிக்ஸி பூட்ச்சா?” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

“பூடல. ஹோல்டுல கீது.”

“அப்டின்னா?”

இந்தத் தொடரின் போன வாரப் பகுதியை, நான் ஆரணியாற்றில் இடுப்பளவு தண்ணீரில் நிற்பதோடு முடித்திருந்தேன். அங்கிருந்து கரையேற வேண்டும் என்றுதான் இன்று எழுத உட்கார்ந்தேன். ஆனால் அந்த ‘அப்டின்னா?’ குறுக்கே வந்து நின்றுவிட்டது. அவளுக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. சட்னி அரைக்கும் நேரத்தில் சொல்லி முடிக்கிற சங்கதி இல்லை அது.

பச்சை, சிவப்பு, மஞ்சள்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், இரும்பு உருக்கும் பெரிய ஆலைகளின் புகைக்கு அடியில், எங்கள் கம்பெனி ஒரு சின்ன ஷெட். பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவர்கள் விழாமலிருக்கப் பிடித்துக்கொள்ளும் கைப்பிடிகளைச் செய்கிறோம். வளைந்த குழாய், இரண்டு முனையிலும் ஒவ்வொரு தகடு. குழாயையும் தகட்டையும் சேர்த்து வைப்பது வெல்டிங். யாரோ ஒரு கர்ப்பிணி, யாரோ ஒரு குடிகாரர், பரீட்சைக்குப் போகிற யாரோ ஒரு பெண், எல்லாரும் ஒரு திருப்பத்தில் தம் முழு எடையையும் அந்த வெல்டிங்கை நம்பித்தான் விடுகிறார்கள்.

தாஸ் வெல்டர். நான் இன்ஸ்பெக்‌ஷன். அவர் ஒட்டுவார், நான் சந்தேகப்படுவேன். குடும்பத்திலும் ஏறக்குறைய இதே வேலைப் பங்கீடுதான்.

அவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே அவர் செய்த பீஸை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். வெல்டிங் முகமூடியை நெற்றிக்குத் தூக்கிக்கொண்டு ஒரு வேர்த்த முகம் வந்தது. “இன்னா மேடம் குத்தம்?” என்று கேட்டது. அன்றிலிருந்து ஷெட்டுக்குள் நான் மேடம். கல்யாணத்துக்குப் பிறகு வீட்டில் ‘இன்னாமே’ ஆனேன். இரண்டையும் அவர் கலந்ததே இல்லை. கம்பெனி கேட்டைத் தாண்டும்போது செருப்பைக் கழற்றி ஷூ போடுவதைப் போல அந்தச் சொல்லையும் மாற்றிக்கொள்வார்.

எங்கள் ஷெட்டில் மூன்று நிற அட்டைகள் உண்டு. பச்சை என்றால் வண்டி ஏறலாம். சிவப்பு என்றால் பழைய இரும்பு. மஞ்சள் என்றால் இன்னும் தெரியாது. நல்லதாகவும் இருக்கலாம், கெட்டதாகவும் இருக்கலாம், தெரியும்வரை யாரும் தொடக்கூடாது, அப்படியே நிற்கட்டும். அதுதான் ஹோல்ட்.

அந்த மஞ்சளுக்கு ஒரே ஒரு சட்டம். கட்டியவர்தான் அவிழ்க்க வேண்டும். மேனேஜர் அவிழ்க்க முடியாது. முதலாளியின் மச்சானும் அவிழ்க்க முடியாது.

ஒருமுறை நான் ஒரு ட்ராலியில் மஞ்சள் அட்டை கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன். மறுநாள் கன்னம் பலூன் மாதிரி ஆகிவிட்டது. பொன்னுக்கு வீங்கி. பத்து நாளைக்கு மேல் படுத்துக்கிடந்தேன். ட்ராலி நடுவழியில் நின்றது. ஃபோர்க்லிஃப்ட்காரர் கோயிலைப் பிரதட்சிணம் செய்வதுபோல் அதைச் சுற்றிப் போனார். அதன் அடியில் ஒரு பூனை குட்டி போட்டது. நான் திரும்பி வந்தபோது குட்டிகள் கண் திறந்து என்னைப் பார்த்தன. இந்த ட்ராலியை இங்கேயே நிறுத்திவைத்த புண்ணியவதி இவள்தான் என்று தாய்ப்பூனை அவற்றுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

ஒரு செவ்வாய்க்கிழமை

மழை வருமா வராதா என்று வானமே மஞ்சள் அட்டை கட்டிக்கொண்டிருந்த ஒரு புரட்டாசி அது. எங்கள் ஷிஃப்டுக்கு ஒரு லீடர் போடப் போவதாகவும், ஆயுத பூஜை அன்று பூஜை முடிந்ததும் பேரைச் சொல்வதாகவும் மேனேஜர் அறிவித்திருந்தார்.

போட்டியில் இரண்டே பேர். தாஸ், லோகு. லோகு புதுவாயல் பக்கத்துப் பையன், அவனும் வெல்டர்தான். தாஸுக்குப் பதினாறு வருஷக் கை. லோகுவுக்கு நல்ல வாய்.

லீடருக்கு நீலத் தொப்பி. மற்றவர்களுக்கெல்லாம் சாம்பல் நிறம். அந்த நீலத்தின்மேல் தாஸுக்கு என்ன ஆசை என்று எனக்கு மட்டும்தான் தெரியும். குளியலறைக்குள் தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே, “எல்லாரும் கொஞ்சம் இங்க கவனிங்க” என்று மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது விதம் நன்றாக இருந்தது.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை அவர் இரண்டு ட்ராலி கைப்பிடி முடித்தார். காலையில் முடித்த முதல் ட்ராலிக்குப் பச்சை கட்டினேன். மத்தியானம் இரண்டாவது ட்ராலியிலிருந்து ஒரு பிடியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினேன். தகட்டோரம் வெல்டிங்கில் பொடிப்பொடியாய்த் துளைகள். ஆப்பத்தின் ஓரம் மாதிரி. வெல்டிங் செய்யும்போது கூடவே வர வேண்டிய கேஸ் சரியாக வராவிட்டால் அப்படி ஆகும். உள்ளே எவ்வளவு பொத்தல் என்று கண்ணால் சொல்ல முடியாது.

“கேஸ் தீந்துச்சா?” என்றேன்.

“தீரல.”

“ஓட்ட கீது.”

“கண்ணாடி போட்டுப் பாரு மேடம்.”

“போட்டுக்கினுதான் பாக்கறேன்.”

இழுத்துப் பார்த்து பலம் சொல்லும் மெஷின் அளவு சரிபார்க்கச் சென்னைக்குப் போயிருந்தது. லீவு முடிந்துதான் வரும். சந்தேகப்பட்ட பிடியில் சிவப்பு மார்க்கரால் ஒரு கோடு போட்டேன். மஞ்சள் அட்டையை எடுத்தேன்.

தாஸ் பக்கத்தில் வந்தார். குரலைத் தாழ்த்தினார். “பூஜ முடியட்டும்மே. அப்புறம் கட்டேன்.”

ஷெட்டுக்குள் அவர் என்னை ‘மே’ போட்டது அதுதான் முதல் தடவை. நூல் விரலில் இரண்டு முறை நழுவியது. மூன்றாவது முறை கட்டிவிட்டேன்.

அன்று வீட்டில் பேச்சு நின்றது. மறுநாள் காலையில்தான் அந்த மிக்ஸி.

எனக்கும் ரோஷம் உண்டே. சட்னியை அரைத்துக்கொண்டு வந்த கையோடு, பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து அவர் பைக்கில் கட்டினேன். காரணம்: பின் பிரேக் சந்தேகம். பொய் இல்லை. ஒரு மாதமாகவே அது அழுதுகொண்டிருந்தது.

அவர் ஹெல்மெட்டோடு வெளியே வந்தார். அட்டையைப் படித்தார். ஹெல்மெட்டைக் கொண்டுபோய் உள்ளே மாட்டிவிட்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார். நூலைத் தொடவில்லை. எவ்வளவு கோபம் இருந்தாலும் கட்டியவர்தான் அவிழ்க்க வேண்டும். எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரே பஸ்ஸில் போனோம். அவர் முன்வாசல், நான் பின்வாசல்.

ஷைனியின் வீட்டுப்பாடம்

எங்கள் மகள் ஷைனி அப்போது எட்டாவது. ஆங்கில மிஸ் ஆளுக்கு ஒரு வினைச்சொல் கொடுத்து, பத்து அர்த்தமும் பத்து வாக்கியமும் எழுதி வரச் சொல்லியிருந்தார். ஷைனிக்கு வந்தது ஹோல்ட். தற்செயலாக வந்ததா, வீட்டு நிலவரத்தைப் பார்த்து அவளே கேட்டு வாங்கினாளா என்று இன்றுவரை சொல்லவில்லை.

சாயங்காலம் நாங்கள் மூன்று பேர். தாஸ் டிவி பக்கம், நான் வெங்காயத்தின் பக்கம், நடுவில் நோட்டோடு ஷைனி.

“ம்மா, ஹோல்ட்னா இன்னா?”

“நிறுத்தி வைன்னு எழுது.”

தாஸ் டிவியிலிருந்து முகத்தைத் திருப்பாமல் சொன்னார். “ஷைனி, அது உங்கம்மா கண்டுபுடிச்ச அர்த்தம். மொதல் அர்த்தம் புடிக்கறது. கையப் புடிக்கறது. கல்யாணத்துல புடிச்சாங்களே, அது.”

“உங்கப்பாவாண்ட சொல்லு, புடிச்ச கைய யாரும் உட்டுடலன்னு.”

“இரு, இரு, ஒண்ணொண்ணா வா,” என்றாள் ஷைனி. “கையப் புடி. ஒண்ணு. நிறுத்தி வை. ரெண்டு.”

அதற்குப் பிறகு ஃபோனில் அகராதியைத் திறந்து படிக்க ஆரம்பித்தாள். தொட்டி ஐந்நூறு லிட்டர் தண்ணீர் கொள்ளும். அதுவும் ஹோல்ட். மூச்சை அடக்கு. அதுவும் ஹோல்ட். ஃபோனில் கொஞ்சம் இருங்க. அதுவும்தான். கூட்டம் நடத்துவது ஹோல்ட் என்றதும் தாஸ் திரும்பிவிட்டார்.

“கூட்டத்த எப்டிடி புடிப்பாங்க?”

“தெர்லப்பா. வெள்ளக்காரங்க புடிக்கறாங்க.”

“நம்ம மேனேஜர் கூட்டத்துல எல்லாரையும் புடிச்சித்தான் உக்கார வெக்கணும். அதான் போல.”

“அடுத்தது,” என்றாள். “ஹோல்ட் யுவர் டங். நாக்க அடக்கு. பேசாத இருன்னு அர்த்தம்.”

“அத உங்கம்மாவாண்ட காட்டு.”

“ஹோல்ட் எ க்ரட்ஜ். மனசுல வெச்சிக்கினே இருக்கறது.”

“அத உங்கப்பாவாண்ட காட்டு,” என்றேன்.

ஷைனி நோட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது. எழுதுகிறாள் என்று நினைத்துக்கொண்டோம்.

வெங்காயத்தை நறுக்கியபடி எனக்குள் ஒரு பெருமை ஓடியது. பாருங்கள், ஒரே பைக்குள் எல்லாவற்றையும் திணித்து வைத்திருக்கிறார்கள். நாமோ பிடி, கொள், அடக்கு, நடத்து, நிறுத்து என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு டப்பா வைத்து மூடி போட்டு அடுக்கியிருக்கிறோம். அந்தப் பெருமை வெங்காயம் வதங்கும் வரைகூட நிலைக்கவில்லை. நம்முடைய ‘பிடி’ ஞாபகம் வந்துவிட்டது. பஸ்ஸைப் பிடிக்கிறோம். போட்டோ பிடிக்கிறோம். சளி பிடிக்கிறது. மழை பிடித்துக்கொள்கிறது. அடி பிடித்த பாலை இறக்குகிறோம். வாடகைக்கு வீடு பிடிக்கிறோம். கால் பிடித்துவிடுகிறோம், காரியம் ஆக வேண்டுமென்றால் காலையே பிடிக்கிறோம். பேய் பிடிக்கிறது. அப்புறம், உன்னைப் பிடிக்கிறது. லண்டனில் எட்டாவது படிக்கிற ஒரு குழந்தைக்கு இதை வீட்டுப்பாடமாகக் கொடுத்தால் அது பள்ளிக்கூடத்தை விட்டே ஓடிவிடும்.

“ஒம்போது,” என்று ஷைனி வாசித்தாள். “வில் த ரோப் ஹோல்ட்? கயிறு தாங்குமா? அத்து போவாம நிக்குமான்னு கேக்கறது.”

தாஸ் ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தார். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். கடைக்குப் போகிறார் என்று நினைத்தேன். வெறுங்கையோடு ரொம்ப நேரம் கழித்து வந்தார்.

பத்தாவது வாக்கியத்தை ஷைனி யாரையும் கேட்காமல் எழுதினாள். ‘என் அப்பாவின் ட்ராலியை என் அம்மா ஹோல்டில் வைத்திருக்கிறாள்’ என்று நல்ல ஆங்கிலத்தில். மிஸ் அதற்கு ஒரு டிக் போட்டு, பக்கத்தில் சின்னதாய் ஒரு கேள்விக்குறியும் போட்டிருந்தார்.

லோகுவின் பக்தி

ஆயுத பூஜைக்கு முதல் நாள் ஷெட்டைக் கழுவுவது எங்கள் வழக்கம். வருஷம் முழுக்கப் படிந்த கறுப்பெல்லாம் அன்று வெளியேறும். தண்ணீர்க் குழாயைப் பிடிக்க எப்போதும் லோகுதான் முதலில் நிற்பான். அந்த வருஷம் அவனுக்கு நீலத் தொப்பியும் கண்ணில் நின்றதால் பக்தி இரட்டிப்பாக இருந்தது.

பூஜையன்று காலை குடும்பங்களோடு எல்லாரும் வந்தார்கள். மெஷின்களுக்கு மாலை. லேத்துக்குச் சந்தனம். ஃபோர்க்லிஃப்ட் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம். சாம்பிராணிப் புகை ஆயில் வாசனையோடு கலந்து, சாமியும் கம்பெனியும் ஒரே தட்டில் நாஷ்டா சாப்பிடுவதுபோல் இருந்தது. கேன்டீன் பக்கம் ஆளுயரப் பொரி மூட்டை. ஷைனியைக் கூட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தவள் அப்படியே நின்றேன்.

தாஸின் இரண்டு ட்ராலிகளும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. இரண்டிலும் சந்தனம், குங்குமம், ஒரு முழம் கதம்பம். பச்சை அட்டையும் இல்லை, மஞ்சள் அட்டையும் இல்லை. ட்ராலி மேல் சாக்பீஸால் எழுதியிருந்த எண்ணும் இல்லை. குளிப்பாட்டிப் பொட்டு வைத்த இரட்டைக் குழந்தைகள் மாதிரி பளபளவென்று நின்றன.

“லோகு, அட்டைங்க எங்க?”

“எல்லாத்தையும் கயட்டி ஒரு கவர்ல போட்டு பத்திரமா வெச்சிகீறேன்க்கா. சாமி கும்புடற நாள்ல பழைய அட்டைங்க எதுக்கு?”

“மஞ்சள் அட்ட இதுல எதுல இருந்துச்சு?”

“அதான் சொல்றனே, எல்லாத்துலயும் கயட்டிட்டேன்னு.”

“நான் ஒரு பிடியில சிவப்புக் கோடு போட்டிருந்தேன்.”

“அதுவாக்கா. பெயின்ட் தின்னர் போட்டுத் தேச்சேன். போவவே மாட்டேன்னிச்சி. கடைசில போச்சி.” முகத்தில் அப்படி ஒரு திருப்தி. கோடு இல்லாமல் அத்தனை பிடிகளுக்குள் அந்த ஒன்றை நான் எங்கே தேடுவேன்?

தாஸ் கொஞ்சம் தள்ளி நின்றார். புதுச் சட்டையில் கடை மடிப்பு இன்னும் கலையவில்லை. ட்ராலிகள் இருந்த பக்கம் அவர் பார்க்கவே இல்லை.

பாபு அண்ணன் என்னும் மெஷின்

மேனேஜர் கெட்டவர் இல்லை. காதில் எப்போதும் ஃபோன் இருக்கிறவர், அவ்வளவுதான். மறுநாள் காலையில் லாரி வந்து இரண்டு ட்ராலியையும் ஏற்ற வேண்டும். நான் விஷயத்தைச் சொன்னதும் ஃபோனைக் காதிலிருந்து எடுக்காமலே, “பழைய முறையில பாத்துடலாம்மா,” என்றார்.

பழைய முறை என்றால் கேன்டீன் பாபு அண்ணன். இழுவை மெஷின் வாங்குவதற்கு முன்னால் எங்கள் கம்பெனியில் அவர்தான் மெஷின். கைப்பிடியைக் குறுக்கு உத்தரத்தில் போல்ட் போட்டு முடுக்குவார்கள். அவர் கரண்டியை வைத்துவிட்டு வந்து தொங்குவார். எங்களில் அவரைவிட எடை கூடியவர் யாருமில்லை. மெஷின் வந்ததிலிருந்து தன்னை யாரும் தொங்கக் கூப்பிடுவதில்லை என்று அவருக்கு மனக்குறை. கூப்பிட்டதும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி வந்தார். குடும்பங்களெல்லாம் கூடிவிட்டன.

லோகு முன்னால் இருந்த ட்ராலியிலிருந்து ஒரு பிடியை எடுத்து மாட்டினான். பாபு அண்ணன் இரண்டு கையாலும் பிடித்து, காலை மடக்கித் தொங்கினார். அது அசையவில்லை.

“இன்னொருத்தர வேணா என் முதுகுல ஏறச் சொல்லு நைனா,” என்றார் அந்தரத்திலிருந்து.

இரண்டாவது. மூன்றாவது. மூன்றும் தாங்கின. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

“அவ்ளோதான்,” என்றார் மேனேஜர். “ரெண்டும் தாஸ் கை. பாஸ் போடும்மா. பூஜைய முடிச்சிட்டு பேர் வேற சொல்லணும்.” சொல்லிவிட்டு தாஸைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் நீலத் தொப்பி தெரிந்தது. ஷெட்டில் எல்லாருக்கும் தெரிந்தது.

ரெஜிஸ்டர் என் முன்னால் வந்தது. ஹோல்டிலிருந்து விடுவித்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்து வேண்டும்.

“பின்னாடி ட்ராலில ஒண்ணும் பாக்கல சார்.”

“அது மட்டும் வேற ஆளா ஒட்டினாரு?” என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

எனக்குப் பின்னால் ஒரு பெண் குரல், “சொந்தப் புருசனுக்கே இவ்ளோ பேஜார் குடுக்கறாளே,” என்று யாரிடமோ சொன்னது. பேனா மூடியைத் திறந்தேன். மூடினேன். ஷைனி என்னையும் அவள் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் கையெழுத்துப் போட்டால் வீட்டில் பேச்சு திரும்பும், மிக்ஸி ஓடும், குளியலறை ஒத்திகை வெளியே வரும். போடவில்லை. ரெஜிஸ்டரைத் திருப்பித் தரவும் இல்லை.

அப்போது தாஸ் நகர்ந்தார்.

என்னிடம் வரவில்லை. மேனேஜரிடமும் போகவில்லை. கேன்டீன் பக்கம் போய் அந்தப் பொரி மூட்டையின் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். தரையில் அது நொறநொறவென்று முனகிக்கொண்டே வந்தது. உத்தரத்துக்கு நேர் கீழே கொண்டுவந்து போட்டு, காலால் தட்டிச் சமப்படுத்தினார்.

பிறகு பின்னால் நின்ற ட்ராலிக்குப் போனார். கதம்பத்தை ஒதுக்கிவிட்டு உள்ளே கைவிட்டார். ஒரு பிடியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார், வைத்தார். இன்னொன்று, வைத்தார். மூன்றாவதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. கட்டைவிரலால் ஓரத்தைத் தடவினார், எடுத்துக்கொண்டு வந்தார். அவரே மாட்டி, அவரே போல்ட்டை முடுக்கினார்.

“பாபு அண்ணே. இப்ப தொங்கு.”

“மூட்ட எதுக்கு நைனா?”

“இருக்கட்டும்.”

பாபு அண்ணன் தொங்கினார். ஒரு மூச்சு நேரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம். கண்ணாடி வளையல் உடைவதைவிடச் சின்னது. அடுத்த கணம் அவர் பொரி மூட்டைக்குள் இடுப்புவரை உட்கார்ந்திருந்தார். பொரி நாலாபக்கமும் பறந்து மெஷின்களின் மாலைகளில் எல்லாம் ஒட்டிக்கொண்டது.

பாபு அண்ணன் இரண்டு கையிலும் இறுகப் பிடித்திருந்த கைப்பிடியைத் தூக்கிக் காட்டினார்.

“நான் புடிச்சது புடிச்ச மாரிதான் கீறேன். அதுதான் உட்டுடுச்சி.”

ஷெட்டே வெடித்துச் சிரித்தது. “இன்னொரு வாட்டி மாமா,” என்று பிள்ளைகள் கேட்டார்கள். ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை.

“கேஸ் தீந்துகினு இருந்துச்சி சார்,” என்றார் தாஸ். “புது சிலிண்டர் வர்ற வரிக்கும் நிறுத்தியிருக்கணும். பீஸ் கொறஞ்சா என் பேரு போயிடும்னு ஓட்டிட்டேன். இவங்க கேட்டப்பவும் இல்லன்னுட்டேன்.”

“எது எந்த ட்ராலின்னு எப்படித் தெரிஞ்சுது?” என்றார் மேனேஜர்.

“நான் ஒட்டினது சார்.”

மேனேஜர் ஃபோனைக் காதிலிருந்து எடுத்தார். யாரோ பேசிக்கொண்டே இருந்த குரல் அதிலிருந்து கேட்டது. அணைத்துப் பையில் போட்டார்.

பூஜை நடந்தது. மணி, கற்பூரம், வாசலில் பூசணிக்காய். முடிந்ததும் பேரைச் சொன்னார். லோகு. அட்டைகளைக் கழற்றிய கைக்கே தொப்பி வந்தது. முதலில் தட்டிய கை தாஸுடையது. கொஞ்சம் வேகமாகவே தட்டினார். புதுச் சட்டையின் கடை மடிப்பு அப்போதுதான் கலைந்தது.

லோகுவுக்குத் தொப்பி காது வரை இறங்கியது. கூச்சத்தோடு என்னிடம் வந்து ஒரு புது மஞ்சள் அட்டையை நீட்டினான். “அக்கா, இத மறுபடியும் கட்டிடு.” லீடராக அவன் சொன்ன முதல் வேலை அதுதான். சரியாகத்தான் சொன்னான்.

பின்னால் நின்ற ட்ராலிக்குப் போனேன். நூலைச் சுற்றினேன். ஈரச் சந்தனம் பட்ட கம்பி, முடிச்சு வழுக்கியது. பக்கத்திலிருந்து ஒரு விரல் வந்து முடிச்சின் மேல் அழுந்தியது. நகத்தோரம் கறுப்பேறிய, கட்டைவிரல் பக்கம் பழைய தீத்தழும்பு உள்ள விரல்.

“இறுக்கிக் கட்டு மேடம்,” என்றார்.

இறுக்கிக் கட்டினேன். விரலைக் கடைசி நொடியில்தான் எடுத்தார்.

பெரியபாளையம் பஸ்

வீட்டுக்குத் திரும்ப பெரியபாளையம் பஸ். லீவு நாள் கூட்டம். கோயிலுக்குப் போகும் வேப்பிலைக் கட்டுகள், மொட்டை போடப் போகும் குழந்தைகள், எங்கள் கையில் பொரிப் பொட்டலம். இந்தத் தடவை மூன்று பேரும் ஒரே வாசலில் ஏறினோம்.

நிற்கத்தான் இடம் இருந்தது. ஷைனி பக்கத்து சீட்டின் கைப்பிடியைப் பிடிக்கப் போனாள். தாஸ் அவள் கையை விலக்கினார். அந்தப் பிடியைப் பற்றி, காலை ஊன்றி, முழுப் பலத்தோடு ஒரு இழு இழுத்தார். சீட்டில் இருந்த பெரியவர் திரும்பிப் பார்த்தார். இன்னொரு முறை இழுத்தார். குனிந்து தகட்டோரத்தைக் கட்டைவிரலால் தடவினார்.

“புடிச்சிக்கோ,” என்றார் ஷைனியிடம்.

எனக்கும் ஒன்றை அதே மாதிரி இழுத்துப் பார்த்துக் கொடுத்தார். தனக்கு அப்படிப் பார்க்கவில்லை.

“லோகு தொப்பி பெருசு,” என்றேன்.

“வளருவான்.” கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். லாரிகள் ஓடின, புகைபோக்கிகள் பின்னால் போயின. “பைக்க எப்போ உடுவ?”

“பிரேக் ஷூ மாத்து. அப்புறம் பாக்கலாம்.”

“பூஜ நாள்லகூட மாற மாட்டமே நீ.”

“மிக்ஸி?”

“சத்தம் இன்னும் அதிகமாத்தான் கீது.” உதட்டோரம் லேசாக அசைந்தது. “போனதும் அவுக்கறேன். பச்ச அட்ட ஒண்ணு கீதா?”

புதுவாயல் கூட்டுரோட்டில் ஒரு டிப்பர் லாரி திடீரென்று குறுக்கே வந்தது. டிரைவர் பிரேக்கை மிதித்தார். வேப்பிலை, மொட்டை, பொரி, பெரியவர், ஷைனி, நாங்கள் இரண்டு பேர் என்று ஒரு பஸ் முழுக்க மொத்தமாய் முன்னால் போய்ச் சாய்ந்தோம். ஒவ்வொரு பிடியிலும் யாரோ ஒருவரின் முழு எடை இறங்கியது. தாஸ் மூச்சை அடக்கிக்கொண்டு சுற்றிலும் இருந்த பிடிகளைப் பார்த்தார்.

ஒன்றுகூட விடவில்லை.